விண்மீனின் தொலைவை அளந்த பெசல்

நுழையுமுன்

இரவு வானில் நாம் காணும் விண்மீன்கள் அனைத்தும் ஒரே தொலைவில் பதிக்கப்பெற்றவை போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவற்றுள் சில நமக்கு அருகிலும், பல மிக மிகத் தொலைவிலும் உள்ளன. அங்கே சென்று அளந்து வர எவராலும் இயலாது. ஆயினும், தாம் வாழும் பூமியில் இருந்தவாறே, ஒரு முக்கோணத்தையும் மிகச் சிறிய ஒரு கோணத்தையும் துணையாகக் கொண்டு ஒரு விண்மீனின் தொலைவைக் கணித்துக் காட்டினார் ஒருவர். பதினைந்து வயது நிரம்புமுன் பள்ளியை விட்டு நீங்கி, வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதப் பயின்றவர் அவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

வணிகக் கூடத்தில் ஓர் இளைஞர்

ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் பெசல் 1784 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22 ஆம் நாள், இன்றைய ஜெர்மனி நாட்டில் உள்ள மிண்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அரசு அலுவலர். வீட்டில் பிள்ளைகள் ஒன்பது பேர். தந்தையாரின் ஊதியமோ சிறியது. பள்ளியில் இலத்தீன் மொழிப்பாடம் பெசலுக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. எண்களோடு விளையாடுவதிலேயே அவர் மனம் நின்றது. எனவே அவர் பள்ளியை விட்டு நீங்கி, 1799 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெமன் என்னும் துறைமுக நகரின் வணிக நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஏழாண்டுகள் ஊதியமின்றி வேலை கற்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பிரெமன் நகரின் வணிகம் கடலை நம்பியிருந்தது. அங்கிருந்து சரக்குகள் கப்பலேறித் தொலைநாடுகளுக்குச் சென்றன. தாமும் ஒருநாள் சரக்குப் பொறுப்பாளராகக் கப்பலில் செல்ல வேண்டும் என்று பெசல் விரும்பினார். பகலில் கணக்கேடுகளை எழுதினார். இரவில் தாமாகவே ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் புவியியலும் கற்றார். கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்பதை விண்மீன்களைக் கொண்டே மாலுமிகள் அறிந்தனர். ஆகவே கப்பற்கலையைக் கற்கத் தொடங்கியவர், அதனைப் புரிந்துகொள்ள வானியலையும், வானியலைப் புரிந்துகொள்ளக் கணிதத்தையும் கற்க வேண்டியதாயிற்று. எளிய கருவி ஒன்றைச் செய்வித்து, வானத்தை நோக்கி, பிரெமன் நகரின் தீர்க்கரேகையைத் தாமே கணித்தார். அன்று முதல் கப்பல் கனவு மெல்ல மறைந்தது. வானம் அவர் உள்ளத்தை ஆட்கொண்டது.

வால்மீன் காட்டிய வழி

1607 ஆம் ஆண்டில் ஹாலி வால்மீன் வானில் தோன்றியபொழுது, இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த தாமஸ் ஹாரியட் என்னும் அறிஞர் அதனை நோக்கிக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். இருநூறாண்டுகள் கழித்து அக்குறிப்புகள் பெசலின் பார்வைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு அவ்வால்மீனின் பாதையைக் கணிக்க அவர் முற்பட்டார். பகற்பொழுது நிறுவனத்திற்கு உரியது. ஆகவே இரவுகளையே இக்கணக்கிற்குச் செலவிட்டார்.

பிரெமன் நகரில் ஓல்பர்ஸ் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் வாழ்ந்தார். பகலில் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்த அவர், இரவில் வானை ஆய்ந்தார். வால்மீன்களைப் பற்றி நன்கறிந்தவர். 1804 ஆம் ஆண்டு, தெருவில் நடந்து சென்றுகொண்டிருந்த ஓல்பர்ஸை அணுகித் தம் கணக்கைக் காட்ட விரும்புவதாகப் பெசல் தெரிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. அக்கணக்கைப் படித்த ஓல்பர்ஸ் பெரிதும் வியந்தார். அதனை மேலும் செம்மைப்படுத்த ஊக்குவித்து, அச்சில் வெளிவரவும் துணைநின்றார்.

இரண்டாண்டுகளுக்குப் பின், பிரெமனுக்கு அருகில் லிலியன்தால் என்னும் சிற்றூரில் ஷ்ரோட்டர் என்பவர் நடத்திய வானாய்வகத்தில் உதவியாளர் வேலை ஒன்று இருப்பதை ஓல்பர்ஸ் பெசலுக்குத் தெரிவித்தார். அதற்கு ஊதியம் மிகக் குறைவு. வணிக நிறுவனமோ, பயிற்சி முடியும் நிலையில் இருந்த பெசலுக்கு அதனினும் பன்மடங்கு ஊதியம் தர முன்வந்தது. ஏழாண்டுகள் ஊதியமின்றி உழைத்தவர் அவர், வறுமையை அறிந்தவர். உறுதியான வருவாயும் வாழ்வும் ஒருபுறம், விண்மீன்கள் மறுபுறம். பெசல் விண்மீன்களைத் தெரிந்தெடுத்தார். 1806 ஆம் ஆண்டில் லிலியன்தாலுக்குச் சென்றார்.

பட்டம் பெறாத பேராசிரியர்

லிலியன்தாலில் பெசல் ஒரு பெரும்பணியை மேற்கொண்டார். அரை நூற்றாண்டுக்கு முன்னர், இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் ஜேம்ஸ் பிராட்லி என்னும் வானியலறிஞர் ஆயிரக்கணக்கான விண்மீன்களின் இடங்களைக் குறித்து வைத்திருந்தார். அக்குறிப்புகளில் கருவியின் குறைகளும், காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் ஏற்படும் மாறுபாடுகளும் கலந்திருந்தன. பெசல் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பிழைகளை நீக்கி, 3,222 விண்மீன்களின் செம்மையான இடங்களைக் கணித்தார். இப்பணி 1818 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

இதற்கிடையில் பிரஷ்ய நாட்டு மன்னர், பால்டிக் கடலையொட்டிய கோனிக்ஸ்பெர்க் நகரில் புதிய வானாய்வகம் அமைக்க விரும்பினார். அதன் தலைவராகப் பெசல் நியமிக்கப்பெற்றார். 1810 ஆம் ஆண்டில் அவர் அந்நகரை அடைந்தபொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. பல்கலைக்கழகத்தில் ஒருநாளும் மாணவராக இருந்திராத ஒருவர் எவ்வாறு பேராசிரியராகலாம் என்னும் தடை எழுந்தது. கணிதமேதை காஸ் பரிந்துரைத்ததன் பேரில் கெட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது, தடை நீங்கியது.

அந்நாளில் நெப்போலியனின் போர்கள் ஐரோப்பாவையே நிலைகுலையச் செய்திருந்தன. 1812 இல் அவருடைய பெரும்படை கோனிக்ஸ்பெர்க் வழியாகவே உருசியாவை நோக்கிச் சென்றது. 1813 இல் பிரெஞ்சுப் படையினர் லிலியன்தாலுக்குத் தீ வைத்தனர். பெசல் முன்பு பணியாற்றிய ஊர் அழிவுற்றது. அதே ஆண்டில்தான் கோனிக்ஸ்பெர்க்கின் புதிய வானாய்வகம் கட்டி முடிக்கப்பெற்றது. அங்கேயே பெசல் தம் வாழ்நாளின் எஞ்சிய முப்பத்து மூன்று ஆண்டுகளையும் கழித்தார். ஏறத்தாழ 75,000 விண்மீன்களின் இடங்களை அவர் அங்கிருந்து குறித்தார்.

பிழைகளை அறிந்தவர்

பெசலின் தனிச்சிறப்பு யாது? எந்தக் கருவியும் குறையுடையதே என்று அவர் கொண்டார். மிகச் சிறந்த கருவியையும் அவர் அப்படியே நம்புவதில்லை. அதன் குறை எவ்வளவு என்பதை முதலில் அளந்து, பின்னர் அதனைக் கணக்கில் கழிப்பார். கருவியை மட்டுமன்றி, அதனை நோக்கும் மனிதரையும் அவர் அவ்வாறே ஆராய்ந்தார்.

1796 ஆம் ஆண்டில் கிரீனிச் வானாய்வகத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. விண்மீன் ஒன்று தொலைநோக்கியிலுள்ள இழையைக் கடக்கும் நேரத்தைக் கடிகார ஒலியைக் கேட்டுக் குறிப்பது அங்கு வழக்கம். கின்னபுரூக் என்னும் உதவியாளர் குறித்த நேரம், வானாய்வகத் தலைவர் குறித்த நேரத்தினின்று ஏறத்தாழ முக்கால் நொடிக்கு மேல் வேறுபட்டது. கவனமின்மையே காரணம் என்று கருதி அவரை வேலையினின்றும் நீக்கிவிட்டனர்.

பல ஆண்டுகள் கழித்து இச்செய்தியைப் படித்த பெசல், அவ்வளவில் விட்டுவிடவில்லை. பயிற்சி பெற்ற ஒருவர், தம் வேலையே போய்விடும் என்று தெரிந்தும், நாள்தோறும் அதே அளவு தவறுவாரா என்று எண்ணிப் பார்த்தார். தாம் குறித்த நேரங்களையும் பிற வானியலறிஞர்கள் குறித்த நேரங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். எவரும் எவரோடும் முழுதும் ஒத்திருக்கவில்லை. கண்ணும் செவியும் இணைந்து இயங்குவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வேறுபாடு உண்டு என்பது புலனாயிற்று. கின்னபுரூக்கின் குற்றமாகக் கருதப்பட்டது, மனிதர் அனைவருக்கும் பொதுவான ஓர் இயல்பே ஆகும். அதன் பின்னர் வானியலறிஞர்கள் தத்தம் வேறுபாட்டையும் அளந்து கணக்கில் சேர்க்கத் தொடங்கினர்.

இடமாறு தோற்றம்

பெசலின் பெருஞ்செயலை அறியுமுன், அதற்கு அடிப்படையான ஓர் உண்மையை அறிதல் வேண்டும். உங்கள் கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் நோக்குங்கள். பின்னர் வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் நோக்குங்கள். எதிரேயுள்ள சுவரின்மீது விரல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். விரல் அசையவில்லை, நோக்கும் இடமே மாறியது. விரலை முகத்தருகே கொணர்ந்தால் பெயர்ச்சி மிகும். தொலைவிற்குக் கொண்டுசென்றால் குறையும். இதுவே இடமாறு தோற்றம் எனப்படும். தொடர்வண்டியில் செல்லும்பொழுது அருகிலுள்ள மரங்கள் விரைந்து பின்செல்வதும், தொலைவிலுள்ள குன்று அசையாது நிற்பதுபோலத் தோன்றுவதும் இதனாலேயே.

இரு கண்களுக்கு இடையேயுள்ள தொலைவு சில சென்டிமீட்டர் மட்டுமே. விண்மீனை அளக்க அது போதாது. ஆனால் பூமி கதிரவனைச் சுற்றி வருகிறது. இன்று நாம் இருக்கும் இடத்திற்கும் ஆறு திங்கள் கழித்து நாம் இருக்கப்போகும் இடத்திற்கும் இடையே ஏறத்தாழ 30 கோடி கிலோமீட்டர் உள்ளது. இவ்விரு இடங்களிலிருந்தும் ஒரே விண்மீனை நோக்கினால், அதற்குப் பின்னே மிகத் தொலைவிலுள்ள விண்மீன்களுக்கிடையே அது சற்றே இடம் பெயர்ந்து தோன்ற வேண்டும். இப்பெயர்ச்சிக் கோணத்தில் பாதியை அவ்விண்மீனின் இடமாறு கோணம் என்பர். கோணமும் அடிப்பக்கமும் தெரிந்தால், முக்கோணவியலைக் கொண்டு தொலைவைக் கணித்துவிடலாம்.

முறை எளியது, அளப்பதுதான் அரிது. ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. ஒரு கலையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. முழுநிலவின் அகலமே அரைப் பாகை, அதாவது ஏறத்தாழ 1,800 விகலைதான். கதிரவனை விடுத்தால், எந்த விண்மீனின் இடமாறு கோணமும் ஒரு விகலையைக்கூட எட்டுவதில்லை.

ஈராயிரம் ஆண்டு வினா

இக்கோணத்தைக் காண்பதில் விண்மீனின் தொலைவு மட்டுமன்றி, மற்றுமொரு பெரிய வினாவும் அடங்கியிருந்தது. பூமி கதிரவனைச் சுற்றுகிறது என்று பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டார்க்கஸ் கூறினார். அவ்வாறாயின் விண்மீன்கள் ஆண்டுதோறும் இடம் பெயர்ந்து தோன்ற வேண்டுமே, ஏன் தோன்றவில்லை என்று பிறர் வினவினர். பதினாறாம் நூற்றாண்டில் கோப்பர்னிக்கஸ் அக்கருத்தை மீண்டும் நிலைநாட்டியபொழுதும் அதே தடை எழுந்தது. விண்மீன்கள் மிகமிகத் தொலைவில் இருப்பதால் பெயர்ச்சி தெரியவில்லை என்பது அவர் தரப்பு விடை. வெறுங்கண்ணால் வானை மிகத் துல்லியமாக அளந்த டைக்கோ பிராகே, பெயர்ச்சி எதையும் காணாமையால், பூமி அசைவதில்லை என்றே கொண்டார்.

தொலைநோக்கி வந்த பின்னரும் பலர் முயன்று தோற்றனர். பிராட்லி இப்பெயர்ச்சியைத் தேடப் புகுந்து வேறொன்றைக் கண்டார். பூமி விரைந்து செல்வதால் விண்மீன்களின் ஒளி வரும் திசை சற்றே சாய்ந்து தோன்றுவதை 1729 இல் அவர் வெளியிட்டார். பூமி இயங்குகிறது என்பதற்கு அது சான்றாயிற்று; ஆனால் விண்மீன்களின் தொலைவு அறியப்படாமலே இருந்தது. பெசலும் தம் இளமையில் முயன்று வெற்றி காணவில்லை.

விண்மீனைத் தெரிந்தெடுத்தல்

எந்த விண்மீனை அளப்பது? மிகுந்த ஒளியுடையவையே அருகில் இருக்கும் என்று பலர் கருதினர். பெசல் வேறு வழியில் எண்ணினார். அருகில் பறக்கும் பறவை விரைந்து செல்வதாகவும், உயரத்தில் பறப்பது மெல்ல ஊர்வதாகவும் நமக்குத் தோன்றும். அதுபோல, வானில் விரைந்து நகரும் விண்மீன் நமக்கு அருகில் இருத்தல் கூடும் என்று அவர் கொண்டார்.

சிக்னஸ் எனப்படும் அன்ன வடிவ விண்மீன் கூட்டத்தில் 61 என்னும் எண்ணுடைய விண்மீன் ஒன்று உண்டு. அதனை 61 சிக்னி என்பர். இருண்ட வானில் உற்றுநோக்கினால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் மங்கலான விண்மீன் அது. ஆனால் அது ஆண்டிற்கு ஐந்து விகலைக்கு மேல் நகர்கிறது. ஏறத்தாழ 350 ஆண்டுகளில் முழுநிலவின் அகல அளவிற்கு அது வானில் இடம் மாறிவிடும். இவ்விரைவைக் கண்ட இத்தாலிய வானியலறிஞர் பியாட்சி அதற்குப் பறக்கும் விண்மீன் என்று பெயரிட்டார். கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து நோக்குவோர்க்கு அது ஆண்டு முழுவதும் மறைவதில்லை. இவற்றையெல்லாம் எண்ணிப் பெசல் அதனையே தெரிந்தெடுத்தார்.

பிளந்த வில்லை

இப்பணிக்கு ஏற்ற கருவியும் அவருக்குக் கிடைத்தது. ஜெர்மனியின் தலைசிறந்த கண்ணாடிக் கலைஞர் ஃபிரௌன்ஹோஃபர் அதற்கு வடிவம் தந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, கண்ணாடித் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர் அவர். ஹீலியோமீட்டர் எனப்படும் அக்கருவி நிறைவுறுமுன்னரே, 1826 இல், தம் முப்பத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். கருவி 1829 இல் கோனிக்ஸ்பெர்க்கை அடைந்தது.

அதன் வில்லை நடுவே இரு பாதிகளாக வெட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு பாதியும் தனித்தனியே வானின் உருவத்தைக் காட்டும். ஒரு திருகைச் சுழற்றினால் ஒரு பாதி மற்றதன்மீது உராய்ந்தவாறு நகரும். ஒரு பாதி காட்டும் விண்மீனும், மறுபாதி காட்டும் பக்கத்து விண்மீனும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் வரை திருகைச் சுழற்ற வேண்டும். திருகு எவ்வளவு சுழன்றது என்பதிலிருந்து அவ்விரு விண்மீன்களுக்கு இடைப்பட்ட கோணத்தை மிக நுட்பமாக அறியலாம்.

இத்தகைய கருவி கைவசம் இருந்தும் பெசலால் உடனே முழுமையாக ஈடுபட இயலவில்லை. 1835 இல் ஹாலி வால்மீன் மீண்டும் வானில் தோன்றியது. இருபது வயதில் எந்த வால்மீனின் பழைய பாதையைக் கணித்துத் தம் வாழ்வின் வழியைக் கண்டாரோ, அதே வால்மீனை ஐம்பதாம் வயது கடந்த பின் அவர் தம் கண்ணால் கண்டு ஆராய்ந்தார்.

ஓராண்டுக் காலம்

1837 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெசல் அளக்கத் தொடங்கினார். 61 சிக்னி உண்மையில் இரட்டை விண்மீன். அதன் அருகே, மிகத் தொலைவில் உள்ளனவாகக் கருதத்தக்க இரு மங்கலான விண்மீன்கள் தெரிந்தன. வானம் தெளிந்த இரவுகளிலெல்லாம் இரட்டையின் நடுவிடத்திற்கும் அம்மங்கலான விண்மீன்களுக்கும் இடைப்பட்ட கோணத்தை அவர் மீண்டும் மீண்டும் அளந்தார். பால்டிக் கடற்கரையின் குளிர்காலம் கொடியது. வானாய்வகத்தின் கூரையைத் திறந்து வைத்தே நோக்க வேண்டும். குளிரில் உலோகம் சுருங்கும், வெப்பத்தில் விரியும். அதனால் திருகின் அளவும் மாறும். அம்மாற்றத்தையும் பெசல் கணக்கில் சேர்த்தார். காற்று மண்டலத்தின் விளைவையும், பிராட்லி கண்ட ஒளிச்சாய்வையும், அவ்விண்மீனின் சொந்த நகர்வையும் ஒவ்வொன்றாகக் கழித்தார்.

எல்லாப் பிழைகளையும் நீக்கிய பின் ஓர் அசைவு எஞ்சி நின்றது. அது ஆண்டுக்கொருமுறை சென்று மீண்டது. எந்தத் திங்களில் மிகுதியாக வேண்டுமோ அத்திங்களில் மிகுந்தது. எப்பொழுது குறைய வேண்டுமோ அப்பொழுது குறைந்தது. பூமியின் ஓராண்டுப் பயணம் அச்சிறு விண்மீனின் அசைவில் பதிந்திருந்தது.

1838 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பெசல் தம் முடிவைக் கணித்தார். 61 சிக்னியின் இடமாறு கோணம் ஏறத்தாழ 0.314 விகலை. ஒரு பாகையைப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பங்குகளாக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவே அது. இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயம் ஒன்றைப் பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்து நோக்கினால், அந்நாணயம் அத்தகைய கோணத்தையே நம் கண்ணில் உண்டாக்கும். அதிலிருந்து கிடைத்த தொலைவு, கதிரவனுக்கும் நமக்கும் இடையேயுள்ள தொலைவைப்போல் ஏறத்தாழ 6,57,700 மடங்கு. ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளியும் அத்தொலைவைக் கடக்கப் பத்தாண்டுகளுக்கு மேலாகும்.

இன்றைய கருவிகள் தரும் அளவு 0.286 விகலை, தொலைவு ஏறத்தாழ 11.4 ஒளியாண்டுகள். கண்ணையும் திருகையும் மட்டுமே நம்பிய பெசலின் அளவு இதனினின்று பத்தில் ஒரு பங்கு அளவே வேறுபட்டது.

மூவர் முயற்சி

அதே காலத்தில் வேறிருவரும் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். ஸ்காட்லாந்து நாட்டினரான தாமஸ் ஹெண்டர்சன், ஆப்பிரிக்காவின் தென்முனையில் இருந்தபொழுது 1832, 1833 ஆம் ஆண்டுகளில் ஆல்ஃபா செண்டாரி என்னும் விண்மீனை அளந்திருந்தார். ஆனால் முடிவை உடனே வெளியிடவில்லை. பெசலின் வெற்றிக்குப் பின்னர், 1839 இல்தான் வெளியிட்டார். இன்றைய எஸ்தோனியா நாட்டிலுள்ள டார்பட் நகரின் வானியலறிஞர் ஸ்துரூவ, வேகா என்னும் விண்மீனின் இடமாறு கோணத்தை 1837 இலேயே வெளியிட்டார். அது இன்றைய அளவிற்கு மிக நெருக்கமானது. எனினும் அதில் அவருக்கே முழு உறுதி இல்லை. 1840 இல் அவர் வெளியிட்ட அளவு முன்னையதைப்போல் இருமடங்காக இருந்தது.

ஆண்டின் ஒவ்வொரு பகுதியிலும் எடுத்த அளவுகளை வரிசைப்படுத்தி, பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்பதையும் தெரிவித்தமையால், பெசலின் முடிவையே அறிஞர் உலகம் ஐயமின்றி ஏற்றது. 1841 இல் இலண்டனின் அரச வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

இறுதி ஆண்டுகள்

புகழின் உச்சியில் இருந்தபொழுதே பெசலைத் துயரம் தாக்கியது. 1840 இல் அவருடைய அன்பு மகன் வில்ஹெல்ம் இளம் வயதிலேயே நோயுற்று மறைந்தார். பெசலின் உடல்நலமும் சிறிது சிறிதாகக் குன்றியது. ஆயினும் அவர் பணியை நிறுத்தவில்லை.

வானில் மிக ஒளிமிக்க விண்மீன் சிரியஸ். அது நேராகச் செல்லாது சற்றே அலைந்து செல்வதைப் பெசல் தம் அளவுகளில் கண்டார். சிறு மாறுபாடு என்று பிறர் புறக்கணிக்கக்கூடிய ஒன்று அது. கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று அதனை ஈர்க்கிறது என்று 1844 இல் அவர் அறிவித்தார். 1846 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17 ஆம் நாள், தம் அறுபத்தொன்றாம் வயதில், பெசல் கோனிக்ஸ்பெர்க்கில் காலமானார். அவர் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1862 இல், அமெரிக்கக் கருவிக் கலைஞர் ஆல்வன் கிரஹாம் கிளார்க் அத்துணை விண்மீனைத் தொலைநோக்கியில் கண்டார். பெசல் கூறியது மெய்யாயிற்று.

இரண்டாம் உலகப்போரில் கோனிக்ஸ்பெர்க் வானாய்வகம் அழிந்தது. அந்நகர் இன்று உருசியாவில் கலினின்கிராடு என்னும் பெயரோடு விளங்குகிறது. நிலவின் பள்ளம் ஒன்றும், கணிதத்தில் ஒருவகைச் சார்புகளும் பெசலின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் கையாண்ட முறையோ இன்றும் வாழ்கிறது. 1989 இல் விண்ணில் செலுத்தப்பெற்ற ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடமாறு கோணங்களை அளந்தது. 2013 இல் செலுத்தப்பெற்ற கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்தது. பூமியோடு கதிரவனைச் சுற்றி வந்தவாறே அவ்விரண்டும் அளந்தது, பெசல் திருகைச் சுழற்றி அளந்த அதே முக்கோணத்தையே.

பெரிய உண்மைகள் பெரிய கருவிகளால் மட்டும் கிடைப்பன அல்ல. தம் பிழை எவ்வளவு என்பதை நேர்மையாக அளந்தறிந்தவருக்கே, ஒரு விண்மீன் தன் தொலைவை முதன்முதலாகக் காட்டியது.

அருஞ்சொற்பொருள்

இடமாறு தோற்றம் – நோக்கும் இடம் மாறுவதால் ஒரு பொருள் இடம் பெயர்ந்ததுபோலத் தோன்றுதல்
விகலை – ஒரு பாகையில் 3,600 இல் ஒரு பங்கு
ஒளியாண்டு – ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு
தீர்க்கரேகை – ஓர் இடத்தின் கிழக்கு மேற்கு நிலையைக் காட்டும் அளவு
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
துல்லியம் – நுட்பமான சரியளவு
புறக்கணித்தல் – பொருட்படுத்தாது விடுதல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கப்பற்கலை கற்க விரும்பிய பெசல் வானியலைக் கற்றது ஏன்?
2. பெசல் 61 சிக்னியைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணங்கள் யாவை?
3. ஹீலியோமீட்டரின் வில்லை எவ்வாறு அமைந்திருந்தது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. கின்னபுரூக் வேலை நீக்கம் செய்யப்பட்டது முறையா? பெசலின் ஆய்வைச் சான்றாகக் கொண்டு உம் கருத்தை எழுதுக.
2. விண்மீன்களின் பெயர்ச்சி தெரியாமையைக் கொண்டு டைக்கோ பிராகேவும் கோப்பர்னிக்கஸும் வெவ்வேறு முடிவுக்கு வந்தது எவ்வாறு?

இ. கணித்து அறிக.
3.26 என்னும் எண்ணை விகலையில் தரப்பட்ட இடமாறு கோணத்தால் வகுத்தால் தொலைவு ஒளியாண்டுகளில் கிடைக்கும். 61 சிக்னியின் கோணம் 0.286; வேகாவின் கோணம் 0.13. இவற்றுள் எது நமக்கு அருகில் உள்ளது? எத்தனை ஒளியாண்டுகள் அருகில் உள்ளது?

ஈ. செய்து பார்க்க.
திறந்த வெளியில் அருகிலுள்ள கம்பம் ஒன்றைத் தொலைவிலுள்ள கட்டடத்தோடு ஒப்பிட்டு நோக்குக. பத்து அடி பக்கவாட்டில் நகர்ந்து மீண்டும் நோக்குக. கம்பம் எப்பக்கம் பெயர்ந்ததாகத் தோன்றியது? வீட்டில் உள்ளோர்க்கு இதனைத் தமிழில் விளக்கிக் கூறுக.